புருவம் ஏறாமல் ஒரு வாக்குறுதி

எங்கள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிறவளுக்குக் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. "வடக்கு நோக்கிச் செல்லும் விரைவுப் பேருந்து நான்காம் நடைமேடைக்குப் பதிலாக ஏழாம் நடைமேடையிலிருந்து புறப்படும்" என்று வாய் சொல்லும்போதே, அந்தக் கண்ணாடி அறைக்குள் இரண்டு கைகளும் பறந்துகொண்டிருக்கும். நான் அடுத்த ஜன்னலில் சீசன் பாஸ் எழுதிக் கொடுக்கிறவன். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "என்னம்மா, அறிவிப்புக்குத் தாளம் போடுறியா?" என்று கேட்டேன்.

"தாளம் இல்லண்ணே. வாய் சொல்றதையே கையும் சொல்லுது. வீட்டுப் பழக்கம்" என்றாள்.

வீடு அப்படிப்பட்ட வீடு. அப்பா முடிதிருத்துபவர். அவருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பக்கத்துக் கடையில் துணி தேய்ப்பவர் அம்மா. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவர் காதைக் கொண்டுபோய்விட்டது. காது கேளாதோர் பள்ளியில் ஒரே பெஞ்சில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள் இருவரும். அப்பாவின் சலூனுக்குக் கூட்டம் எப்போதும் உண்டு. தலையைக் கொடுத்துவிட்டு ஊர் வம்பு கேட்க விருப்பமில்லாதவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். ஆனால் ஊர் வம்பு அவருக்குத் தெரியாது என்று நினைத்தால் ஏமாந்து போவோம். கண்ணாடியில் தெரிகிற முகத்தைப் பார்த்தே யார் வீட்டில் சண்டை, யாருக்குப் பதவி உயர்வு, யார் கடன் கேட்க வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார்.

அவர்கள் வட்டத்தில் பள்ளிச் சான்றிதழில் இருக்கிற பெயருக்கு மரியாதை கிடையாது. அதை விரலால் எழுத்து எழுத்தாகக் காட்டி முடிப்பதற்குள் கூப்பிடப்பட்டவர் பஸ் ஏறிப் போய்விடுவார். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரே அசைவில் ஒரு பெயர். அதை மற்றவர்கள்தான் வைப்பார்கள். நமக்கு நாமே வைத்துக்கொள்ள முடியாது. காதோரம் இரண்டு விரலைக் கத்தரிபோல அசைத்தால் அது அப்பா. அவர் பெயர் கத்தரி. தோளிலிருந்து கீழே தடவினால் அம்மா. அவர் பெயர் பின்னல். அம்மா முடியைக் குட்டையாக வெட்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பின்னல் மட்டும் போகவில்லை. கன்னத்தில் விரலைக் குத்தித் திருகினால் மகள், கன்னக்குழி. நானும் இங்கே அவர்களை அப்படியே எழுதுகிறேன். பழகிப் பழகி அவர்களுடைய கைப்பேச்சு எனக்கும் பிடிபட்டுவிட்டது, எனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்ல மாட்டேன்.

கன்னக்குழிக்குப் பேச்சு சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு ரேடியோ. சுவருக்கு அந்தப் பக்கம் அது காலையிலிருந்து செய்தி வாசித்துக்கொண்டே இருக்குமாம். அதனால் பேசத் தொடங்கியபோதே செய்தித் தமிழ்தான் வந்திருக்கிறது. பாவாடை கட்டிய வயதில் காய்கறிக் கடைக்குப் போய், "அரை கிலோ உருளைக்கிழங்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை சொல்லு பாப்பா" என்றாராம். அவளும் சலிக்காமல், "மீண்டும் தலைப்புச் செய்திகள்" என்று ஆரம்பித்தாளாம்.

வீட்டுக்கு அவள்தான் காது, அவள்தான் வாய். பள்ளியில் பெற்றோரை அழைத்தால் ஆசிரியை சொல்வதை அவளே மொழிபெயர்க்க வேண்டும். ஒருமுறை ஆசிரியை, "இவ வகுப்புல வாயே மூடுறதில்லை. நான் பாடம் நடத்துறேனா, இவ நடத்துறாளான்னே தெரியலை" என்றார். கன்னக்குழி அம்மாவிடம் திரும்பி, "நல்லாப் படிக்கிறேனாம்" என்று கையால் சொன்னாள்.

பின்னல் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். "நல்லாப் படிக்கிற பிள்ளையப் பத்திச் சொல்லும்போது யாராவது மூக்கை இப்படி விடைப்பாங்களா?" என்று கேட்டார்.

வீட்டில் அன்று பெரிய விசாரணை. கடைசியில் கத்தரி சொன்னது இதுதான்: "ஒருத்தர் சொன்னா, சொன்னதை அப்படியே எங்களுக்குக் கொடு. நல்லதா கெட்டதான்னு நாங்க பாத்துக்கிறோம்."

அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தையைக் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. ஒரே ஒரு தடவை தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு ஓர் உதவியாளர் இருந்தார். இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்துப் பேசுகிற மனிதர். ஒருநாள் அவர் பஸ்ஸுக்காக நின்றபோது கண்ணாடி அறைக்குள் கன்னக்குழியின் கைகள் பறப்பதைப் பார்த்திருக்கிறார். ஒரு போனை மட்டும் அணைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

"நீங்க கையால பேசுவீங்களா?"

"வாயாலயும் பேசுவேன் சார்."

"ஞாயித்துக்கிழமை காது கேளாதோர் சங்கத்தோட ஆண்டு விழா. நம்ம உறுப்பினர்தான் சிறப்பு விருந்தினர். கொள்கை விஷயமெல்லாம் பேசுவார், சங்கத்துல நாலு பேருக்குக் கேடயம் கொடுப்பார். ஏற்பாடு பண்ணின மொழிபெயர்ப்பாளருக்குக் கை சுளுக்கிக்கிச்சு. நீங்கதான் காப்பாத்தணும்."

மொழிபெயர்ப்பாளருக்குத் தொண்டை கட்டாமல் கை சுளுக்கியதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சரி என்று தலையாட்டிவிட்டாள். அவளுக்கு ஒரு சிரிப்பு ஆரம்பித்தால் அது தானாக வடிந்து முடியும்வரை யாராலும் எதுவும் செய்ய முடியாது.

சாயங்காலம் சலூனில் விஷயத்தைச் சொன்னாள். கத்தரி ஒருவருக்குக் கிருதா ஒதுக்கிக்கொண்டிருந்தார். இடது புருவத்தின்மேல் விரலை வைத்து நெற்றியை நோக்கித் தள்ளி, "யாரு, ஏறுபுருவமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கத்திரியைக் கையில் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாற்காலியில் இருந்தவர் தன் காதை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

அந்தப் பெயர் தேர்தல் நேரத்தில் பிறந்தது. டிவியில் உறுப்பினர் பேசும்போது கத்தரியின் கூட்டாளிகள் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "பாலம் கட்டுவேன்" என்று எழுத்து கீழே ஓடும்போது அவருடைய இடது புருவம் மெல்ல மேலே ஏறும். "வீட்டுக்கு வீடு குடிநீர்" என்றபோது அது கிட்டத்தட்ட தலைமுடியைத் தொட்டுவிட்டது. "என் வெற்றிக்காக உழைத்தவர்களுக்கு நன்றி" என்றபோது மட்டும் புருவம் அதன் இடத்திலேயே இருந்தது. பாலம் இன்றுவரை வரவில்லை. குடிநீர் வந்த வேகத்தில் போய்விட்டது. அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். அவள்தான், "அண்ணே, தெரிஞ்ச முகம் ஒண்ணு கூட்டத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்று கூப்பிட்டாள். பெரிய மண்டபம், நிறைய நாற்காலி, அதில் பாதிக்கும் குறைவாக ஆட்கள். மைக்கை இணைத்தபோது அது காதைக் கிழிக்கிற மாதிரி கத்தியது. என்னைப் போன்ற சிலர் காதைப் பொத்திக்கொண்டு துள்ளினோம். மற்றவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்து, இவர்களுக்கு என்ன வந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

உறுப்பினர் தன் மனைவியோடு உள்ளே வந்தார். மண்டபம் முழுவதும் கைகளைத் தலைக்குமேல் தூக்கி விரல்களை விரித்து ஆட்டியது. அதுதான் அவர்களுடைய கைத்தட்டல். உறுப்பினரின் முகம் விழுந்துவிட்டது. உதவியாளரின் பக்கம் சாய்ந்து, "இப்பதானே வந்தேன், அதுக்குள்ள போயிட்டு வான்னு டாட்டா காட்டுறாங்களே!" என்றார். மைக் திறந்திருந்தது. கன்னக்குழி மேடை ஓரத்தில் தயாராக நின்றுகொண்டிருந்தாள். சொன்னதை அப்படியே கொடுப்பவள் ஆயிற்றே, அதையும் கையால் சொல்லிவிட்டாள். கூட்டம் இன்னும் வேகமாகக் கையை ஆட்டியது.

அடுத்து சங்கச் செயலாளர் எழுந்து கையால் வரவேற்புரை ஆற்றினார். அதை அவள் வாயால் சொல்ல வேண்டும். "நம்முடைய மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர் அவர்களை" என்ற இடத்தில் செயலாளர் விரலால் இடது புருவத்தை நெற்றிக்குத் தள்ளி, பணிவாக உறுப்பினரைக் காட்டினார். அது அவர்கள் வட்டத்துக்குப் பழகிய பெயர், அவர் கேலிக்காகச் செய்யவில்லை. உறுப்பினர் அதைக் கூர்ந்து பார்த்தார். இவர்கள் மொழியில் வணக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். எழுந்தார். முகமெல்லாம் சிரிப்போடு தன் இடது புருவத்தை விரலால் மேலே தள்ளி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மண்டபத்தையே சுற்றிக் காட்டினார்.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் நாற்காலிகள் எல்லாம் குலுங்கின. முன்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் முன்னால் கவிழ்ந்து நெற்றியை முழங்காலில் முட்டிக்கொண்டார். தன் மரியாதை இவ்வளவு மகிழ்ச்சியைக் கொடுத்துவிட்டது என்று நெகிழ்ந்துபோய் உறுப்பினர் இன்னொரு தடவையும் காட்டினார். கன்னக்குழி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

பிறகு பேச்சு. "கடலெனத் திரண்டிருக்கும் பெருமக்களே" என்று தொடங்கினார். அவள் கடலைக் காட்டினாள், அலையைக் காட்டினாள், திரண்டதைக் காட்டினாள். அத்தனை பேரும் பின்னால் திரும்பிக் காலி நாற்காலிகளைப் பார்த்தார்கள்.

ஆனாலும் மனிதர் விஷயம் இல்லாமல் வரவில்லை. அதைச் சொல்ல வேண்டும். "பஸ் ஸ்டாண்டுல நடைமேடை மாறிப் போச்சுன்னு அறிவிப்பு வருது. காது கேட்கிறவர் ஓடிப்போய் ஏறிடுறார். கேட்காதவர் பழைய இடத்துலயே பையோட நிக்கிறார். இது நியாயமா?" என்று கேட்டபோது எனக்கே சுருக்கென்றது. தினமும் அந்த மனிதர்களை என் ஜன்னலிலிருந்து பார்க்கிறவன் நான். "மருத்துவமனைக்குப் போனா வயித்து வலியை நடிச்சுக் காட்ட வேண்டியிருக்கு. நடிப்பு நல்லா இல்லேன்னா மருந்து மாறிடுது" என்றார். வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்டால் காரணமே சொல்லாமல் திருப்பி அனுப்புவதைப் பற்றியும் பேசினார்.

அதுவரை புருவம் அசையவில்லை. முன்வரிசை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வாக்குறுதிகள் ஆரம்பித்தன.

"பேருந்து நிலையத்தின் மூலைமுடுக்கெல்லாம் எழுத்து ஓடும் பலகைகள் வைக்கப்படும்!"

புருவம் ஏறியது. முன்வரிசையில் ஒரு முழங்கை இன்னொரு விலாவை இடித்தது.

"அனைத்து மருத்துவமனைகளிலும் சைகை மொழி தெரிந்தவர்கள் நியமிக்கப்படுவார்கள்!"

இன்னும் கொஞ்சம் ஏறியது.

"உங்கள் ஒவ்வொருவர் கையிலும் லைசென்ஸ் இருக்கும்!"

புருவம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதாகிவிட்டது. சொல்லி முடித்ததும், நடுவில் ஒரு மரியாதைக்காக, மறுபடியும் விரலால் புருவத்தைத் தள்ளி வணக்கம் வைத்தார். கன்னக்குழியின் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. கண்ணில் தண்ணீர். கை மட்டும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

அடுத்து கேடயம். முதல் கேடயமே கத்தரிக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காக இலவசமாக முடி வெட்டிவிடுகிறார் என்பதற்காக. கேடயத்தில் தங்க எழுத்தில் "சமூகத்தின் குரல்" என்று பொறித்திருந்தது. ஒருநாளும் குரலே எழுப்பாத மனிதர் அதை இரண்டு தடவை படித்தார். மனைவிக்குத் தூக்கிக் காட்டினார். பின்னல் நாற்காலியில் சரிந்துவிட்டார்.

உறுப்பினர் கத்தரிக்கு நேராக நின்று, மிகுந்த அன்போடு புருவத்தைத் தள்ளினார். கத்தரியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பேசுவதற்கு இரண்டு கையும் வேண்டுமே, கேடயத்தை உறுப்பினரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மகளைப் பார்த்து, "நான் சொல்றதை மைக்ல சொல்லு" என்றார்.

"அப்பா, வேணாம்ப்பா" என்று அவள் கை கெஞ்சியது.

"அப்படியே சொல்லு."

அவள் மைக்கைப் பிடித்தாள். பதற்றம் வந்தால் அவளுக்கு வேலைப் பழக்கம்தான் முன்னால் வரும். "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்துவிட்டாள். நான் உட்பட, கேட்கிறவர்கள் எல்லாரும் வெடித்துச் சிரித்தோம். கேட்காதவர்கள் ஏன் என்று கேட்க, அவளே கையால் விளக்க, அவர்கள் தனியாக ஒரு சுற்றுச் சிரித்தார்கள். எல்லாம் அடங்கியபின் அவள் அப்பாவின் கையைப் பார்த்துப் பேசினாள்.

"ஐயா, கேடயத்துக்கு நன்றி. ஆனா நீங்க வணக்கம்னு நினைச்சுக் காட்டுறது வணக்கம் இல்லை. அது உங்க பேரு."

"என் பேரா?"

"எங்க மொழியில உங்களுக்கு நாங்க வெச்ச பேரு. உங்களுக்கே நம்பிக்கை இல்லாத ஒண்ணைச் சொல்லும்போது உங்க இடது புருவம் மேல ஏறும். அது உங்களுக்குத் தெரியாது. உங்க பேச்சுல எங்களுக்குக் கேட்கிறது அது மட்டும்தான். இன்னிக்குச் சொன்ன மூணு வாக்குறுதிக்கும் ஏறிடுச்சு."

உதவியாளரின் இரண்டு கையும் போன்களோடு தானாகக் கீழே இறங்கின. அரசு வேலையில் இருக்கிற பெண், நாளைக்கு என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம்.

முதலில் சிரித்தது உறுப்பினரின் மனைவி. வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்குத் தெரியும்ங்க. நான்தான் வெளிய சொல்லலை" என்றார். "'சீக்கிரம் வந்துடுறேன்'னு சொல்லும்போது ஏறும் பாருங்க..."

"நீயுமா?" என்று அவரைப் பார்த்த உறுப்பினர், கேடயத்தின் பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்தார். புருவத்தைத் தடவினார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். பல் தெரிய, வயிறு குலுங்க, மேடை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சரி. இப்ப மறுபடியும் சொல்றேன். எல்லாரும் நல்லாப் பாருங்க" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். இடது புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டு முழுக்க போர்டு" என்றார்.

கத்தரி கையை நீட்டினார். கன்னக்குழி, "விரலை எடுக்கணுமாம் ஐயா" என்றாள்.

எடுத்தார். "பஸ் ஸ்டாண்டு முழுக்க..." ஏறியது. மண்டபமே விரலை ஆட்டி, இல்லை இல்லை என்றது.

"பாதி பஸ் ஸ்டாண்டுல?" புருவம் துடித்தது. இல்லை.

"சரிம்மா, உண்மையச் சொல்றேன். வாசல்ல ஒண்ணு, நடுவுல ஒண்ணு. ரெண்டு போர்டு. அதுக்கு நான் பொறுப்பு."

எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். புருவம் அதன் இடத்திலேயே படுத்திருந்தது. கைகள் காடுபோல எழுந்து ஆடின. இப்போது அது டாட்டா இல்லை என்று அவருக்குத் தெரியும். முகம் சிவந்துவிட்டது.

மருத்துவமனை விஷயம், எல்லா மருத்துவமனை என்பதிலிருந்து இறங்கி இறங்கி, பெரிய மருத்துவமனையில் வாரத்துக்கு ஒருநாள் ஓர் ஆள் என்ற இடத்தில் வந்து நின்றது. லைசென்ஸுக்கு வந்தபோது அவர் கொஞ்சம் யோசித்தார். "அது என் கையில இல்ல. சபையில எழுந்து கேட்பேன். கேட்க மட்டும்தான் என்னால முடியும்" என்றார். புருவம் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு அதிகமான கைத்தட்டல் அந்த வாக்கியத்துக்குத்தான். ஒன்றும் தர முடியாது என்று சொல்லி ஓர் அரசியல்வாதி இவ்வளவு பாராட்டு வாங்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கன்னக்குழியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாறாக, சட்டமன்றக் கூட்டம் தொடங்கியதும் இரட்டைப் போன்காரர் மறுபடியும் வந்து நின்றார். சங்கத்து ஆட்களைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார வைக்க அனுமதி வாங்கியிருக்கிறார்களாம். அவர்களுக்கு எதிரே நின்று அவள் மொழிபெயர்க்க வேண்டுமாம். நானும் தொற்றிக்கொண்டேன்.

உறுப்பினர் சபையில் எழுந்து பலகையைப் பற்றியும் மருத்துவமனையைப் பற்றியும் லைசென்ஸைப் பற்றியும் கேட்டார். கேட்கும்போது அடிக்கடி மாடத்தை நிமிர்ந்து பார்த்தார், சரியாக இருக்கிறதா என்பதுபோல. கத்தரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே இருந்தார். அமைச்சர் எழுந்து, "ஆவன செய்யப்படும்" என்றார். மாடம் மொத்தமும் முன்னால் சாய்ந்து அமைச்சரின் புருவத்தை ஆராய்ந்தது. அங்கே ஓர் அசைவும் இல்லை.

"நிஜமாத்தான் சொல்றாரோ?" என்று பின்னல் கேட்டார்.

"இவருக்குப் புருவத்துல இல்ல. காதைப் பாரு" என்றார் கத்தரி.

அமைச்சரின் காது மடல்கள் இரண்டும் மெல்ல மெல்லச் சிவந்துகொண்டிருந்தன. அவ்வளவுதான். மாடமே சிரிப்பில் ஆடியது. அவைக் காவலர் அமைதி காக்கச் சொல்வதற்காக விரலை உதட்டில் வைத்தபடி ஓடி வந்தார். வந்து பார்த்தால் சத்தமே இல்லை. எதை நிறுத்தச் சொல்வது என்று தெரியாமல் அவர் விரலை உதட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

உறுப்பினர் உட்காரவில்லை. "பேரவைத் தலைவர் அவர்களே, ஒருவரைப் பாராட்ட அனுமதி வேண்டும்" என்றார். "பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கும் ஒரு பெண். தன் பெற்றோருக்கும் உலகத்துக்கும் நடுவில் குழந்தைப் பருவத்திலிருந்தே நிற்பவர். பயத்துக்காகவோ தயவுக்காகவோ ஒரு சொல்லைக்கூட மாற்றாதவர். என்னைப் பற்றி எனக்கே தெரியாததை, என் முகத்துக்கு நேராக, என் மைக்கிலேயே சொன்னவர்..."

கன்னக்குழியின் கை ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்றது. பிறகு வேகமாக, "ஒரு ஊழியரைப் பாராட்டுகிறார்" என்று சொல்லி முடித்துக் கீழே இறங்கிவிட்டது.

பின்னலின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. "அவர் வாய் இவ்வளவு நேரம் ஆடிச்சு. நீ ஒரே வரியில முடிச்சுட்டே?"

"அவ்வளவுதாம்மா."

"கீழ எல்லாரும் உன்னைத் திரும்பிப் பாக்குறாங்க. அண்ணன் கண்ணைத் துடைக்கிறார்" என்று என்னைக் காட்டினார். எனக்கு அந்த மாதிரி நேரத்தில் கண் சொன்னபடி கேட்பதில்லை, என்ன செய்ய.

உறுப்பினரும் கவனித்துவிட்டார். பேச்சை நிறுத்திவிட்டு மாடத்தைப் பார்த்தபடி நின்றார்.

"உறுப்பினர் தொடரலாம்" என்றார் பேரவைத் தலைவர்.

"மேலே மொழிபெயர்ப்பு நின்றுவிட்டது, தலைவர் அவர்களே. அது வந்து சேர்ந்ததும் தொடர்கிறேன்."

சபை முழுவதும் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. கத்தரி இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார். "அவர் சொன்னதை அப்படியே கொடு" என்றார்.

வேறு வழியில்லை. நெற்றிவரை சிவந்துபோய், தன்னைப் பற்றிய பாராட்டைத் தன் கையாலேயே அவள் சொல்ல ஆரம்பித்தாள். பெற்றோருக்கும் உலகத்துக்கும் நடுவில் நிற்பவர் என்று சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தவிர்த்தாள். "ஒரு சொல்லைக்கூட மாற்றாதவர்" என்ற இடம் வந்தது. இப்போதுதான் முழுப் பேச்சையும் விழுங்கியவள் ஆயிற்றே! கை பாதியில் நின்றது. கன்னத்தில் குழி விழுந்தது. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, மாடத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். காவலருக்கு இப்போதுதான் உயிர் வந்தது. ஒரு வழியாகச் சத்தம் கிடைத்துவிட்டது! ஆனால் அவர் விரலை உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் பேரவைத் தலைவரே சிரித்துக்கொண்டிருந்தார். பின்னல் எழுந்து வந்து மகளின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, மீதியையும் சொல்லச் சொல்லி எதிரே நின்றார். அவள் சொல்லி முடித்தாள். மாடத்தில் எல்லாக் கைகளும் எழுந்து ஆடின. கீழே சபையிலும், முதலில் ஏறுபுருவமும் பிறகு ஒவ்வொருவராகவும் கையை உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். கட்சி வேறுபாடு இல்லாமல்.

பலகைகள் வந்தன. உடனே வரவில்லை. வந்தவற்றில் ஒன்று முதல் வாரம் எல்லா ஊரின் பெயரையும் தலைகீழாகக் காட்டியது. மருத்துவமனையில் புதன்கிழமைகளில் ஒரு பெண் வந்து உட்காருகிறார். பின்னலுக்கு முழங்கால் வலி என்பதை இப்போது யாரும் நடிக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் விஷயம் ஏதோ ஒரு குழுவில் உட்கார்ந்திருக்கிறது. கூட்டத்தொடர் தோறும் உறுப்பினர் எழுந்து கேட்கிறார், அவ்வளவுதான்.

பலகை நேராக எழுத ஆரம்பித்த வாரத்தில் ஒருநாள் கத்தரியும் பின்னலும் நல்ல உடை உடுத்திக்கொண்டு நிலையத்துக்கு வந்தார்கள். பலகைக்குக் கீழே நின்று, ஊர்கள் ஒவ்வொன்றாக ஓடுவதைக் கழுத்து வலிக்கப் பார்த்தார்கள். அதுவரை அவர்கள் எங்கே போவதென்றாலும் மகள் ஏற்றிவிட வேண்டும், அல்லது கண்டக்டரின் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். திடீரென்று கத்தரி மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஐந்தாம் நடைமேடைக்கு ஓடினார்.

கன்னக்குழி கண்ணாடிக்குள்ளிருந்தே, "எங்க போறீங்க?" என்று கையை வீசினாள்.

"தெரியாது. பேரு பாக்க அழகா இருந்துச்சு!"

"அங்க யாரைத் தெரியும்?"

"யாரையும் தெரியாது!" என்றார் பின்னல், படியில் நின்றபடி. பஸ் கிளம்பிவிட்டது.

இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பினார்கள். அது ஏதோ ஏரிக்கரை ஊராம். படகில் போனார்களாம், வெயிலில் மூக்குத் தோல் உரிந்துவிட்டதாம், தங்கிய விடுதியில் தலையணை கல்லாக இருந்ததாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்ததால் நான்கு கைகளில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கன்னக்குழி தவித்தாள். நான் கத்தரியின் தலையைப் பார்த்தேன். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், காதுக்கு மேலே யாரோ கடித்த மாதிரி ஒரு வெட்டு.

"என்னப்பா இது?" என்று அவள் அலறினாள்.

"அங்க ஒரு சலூன் இருந்துச்சு. வாழ்க்கையில முதல் தடவையா இன்னொருத்தர் நாற்காலியில உக்காந்தேன்" என்றார் கத்தரி. "சுகமாத் தூங்கிட்டேன்."

"வாங்க, இப்பவே சரிபண்ணிடலாம். நாளைக்குக் கடையத் திறக்கணும்ல?"

அவர் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பேசுவதற்குக் கை வேண்டியிருந்ததால் ஒரு கையை மட்டும் எடுத்து, "தொடாதே, வளர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்" என்றார்.